பனையினங்களும் குளிரும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. இச்சாலையை அடுத்த எல்லைச் சிற்றூர்களில் பனைக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் பல அருகருகே நிற்பதைக் காணலாம். வீட்டைச் சூழத் தென்னை, கிணற்றடியில் கமுகு, செம்மண் மேட்டில் பனை, வேலியோரத்தில் கூந்தற்பனை, எங்கேனும் ஓரிடத்தில் குடைப்பனை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வூர்களில் பனையைக் கரிம்பனை என்பாரும் உளர். கூந்தற்பனையைச் சூண்டப்பனை என்பாரும் உளர். பதநீரை மட்டும் இருபுறத்தாரும் அக்கானி என்றே சொல்லுகின்றனர்.

இம்மரங்கள் குளிர் என்பதை அறியாமல் வளர்பவை. நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆண்டின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 27 டிகிரி சென்டிகிரேட். மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. தென்னை செழிப்பதற்கு உகந்த நிலையும் இதுவே. இவ்வூரார் ஒருவர் உதகமண்டலத்தில் குடியேறி, ஊர் நினைவாகத் தென்னங்கன்று ஒன்றை எடுத்துச் சென்று முற்றத்தில் நட்டால் நிகழ்வது யாது? மழைக்காலம் முழுவதும் கன்று பசுமையாகவே நிற்கும். டிசம்பரில் உறைபனி விழுந்ததும் ஓலைகள் பழுப்பு நிறம் அடையும். நட்டவர் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவார். மார்ச்சு மாதத்தில் நடுக்குருத்தைத் தொட்டால் அது அழுகிக் கையோடு வந்துவிடும்.

ஆயினும், பனை என்றாலே வெப்ப நாட்டு மரம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. உலகில் பனைக் குடும்பத்து இனங்கள் ஏறத்தாழ 2,500 உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை வெப்ப நாடுகளைச் சேர்ந்தவையே எனினும், பனிப்பொழிவில் நிற்பவையும் சில உண்டு. குளிர்ந்த இடத்தில் பனை வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியது, எந்தப் பனை எதனால் தாங்குகிறது, எது எதனால் சாகிறது என்பதாகும். இதற்குரிய பாடத்தின் முற்பகுதி பாறசாலைக்கு வடகிழக்கே தெரியும் மலையிலேயே எழுதப்பட்டுள்ளது.

நெய்யாறு தோன்றும் மலை

நெய்யாறு அகத்திய மலையிலே தோன்றி, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடி, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாற்றில் கடலோடு கலக்கின்றது. மலைமுடியின் உயரம் 1,868 மீட்டர். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து முடிவரை ஏறிச் செல்பவர் இவ்வளவு குறுகிய தொலைவிற்குள் வெப்ப நாட்டிலிருந்து குளிர் நாட்டிற்குச் சென்றவர் ஆகிறார். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறு அல்லது ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வு நிலையத்திற்குத் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரூண் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி, 1855-இல் இம்மலைமுடியிலேயே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். திருவனந்தபுரத்திலும் முடியிலும் ஒருங்கே அளவெடுத்து ஒப்பிடுதல் அவர் நோக்கம். யானைகள் உலவும் காட்டின் ஊடே நுண்கருவிகளைச் சுமந்து சென்று, இடைவிடாத மழையும் காற்றும் மோதும் பாறை உச்சியில் நிறுவிய அம்முயற்சி, இன்று நினைத்தாலும் வியப்பளிப்பதே.

இம்மலைச் சரிவில் ஏறும்போது பனையினங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. தென்னையும் பனையும் அடிவாரத்தோடு நின்றுவிடும். கமுகு சற்று மேலே ஏறும். கூந்தற்பனை ஈரக் காடுகளினூடே இன்னும் உயரம் செல்லும். பிரம்பினங்கள் மரங்களைப் பற்றிப் படர்ந்திருக்கும். புல்வெளிகளில் குட்டையான சிற்றீச்சை, காட்டுத் தீ ஆண்டுதோறும் கருக்கினாலும் மீண்டும் துளிர்த்து நிற்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல், மேகம் படியும் செங்குத்தான பாறைச் சரிவுகளில், மெலிந்த நெடிய தண்டும் சீப்புப் போன்ற ஓலைகளும் உடைய ஒரு பனை கூட்டங்கூட்டமாகக் காணப்படும். தமிழில் இதற்கு வரைக்கமுகு என்று பெயர். வரை என்பது மலை. மலையிலே வளரும் கமுகு என்பது பொருள். தாவர நூலார் இதனைப் பெண்டிங்கியா கொண்டபன்னா என்பர். இந்தியாவின் தலைமை ஆளுநராயிருந்த பெண்டிங்கு பிரபுவின் பெயரால் அமைந்த இப்பேரினத்தில் இனங்கள் இரண்டே. ஒன்று அகத்திய மலையையும் அதனை ஒட்டிய தென்மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. மற்றொன்று நிக்கோபார்த் தீவுகளுக்குரியது.

உடன்பிறந்தவை போன்ற இவ்விரு பனைகளில் ஒன்று கடல் மட்டத்து வெப்பக் காட்டிலும், மற்றொன்று மேகம் சூழ்ந்த குளிர்ப் பாறையிலும் வாழ்வது கருதத்தக்கது. ஒரு பனை எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக்கொண்டு அது குளிரைத் தாங்குமா என்று கூற இயலாது. அது பிறந்த இடத்தின் இரவு எத்தகையது என்பதையே கேட்க வேண்டும். நாற்றுப் பண்ணையில் கன்று வாங்குவோர் பெரும்பாலும் கேளாமல் விடும் கேள்வி இதுவே.

ஒற்றைக் குருத்து

மாமரத்தின் ஒரு கிளை கருகினால் வேறொரு கிளை துளிர்க்கும். தண்டு காயம்பட்டால், பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு புதிய கட்டையை உண்டாக்கிக் காயத்தை மூடும். பனைக்கு இவ்வசதிகள் இல்லை. அதன் தண்டில் ஆண்டுதோறும் பருக்கும் வளர்திசு கிடையாது. தண்டு முதலில் உரிய பருமனை அடைந்துவிட்டு, அதன் பின்னரே உயரத் தொடங்கும். பனையேறி கால் வைப்பதற்காக வெட்டிய கொத்து, மரம் சாயும் நாள் வரை அப்படியே இருக்கும். வளர்ச்சி முழுவதும் கொண்டையின் நடுவே, இளமடல்களுக்கு உள்ளே மறைந்துள்ள ஒரே குருத்தில் நிகழ்கின்றது. ஈச்சையும் சில பிரம்புகளும் அடியிலே பக்கக் கன்று விடும். தென்னைக்கும் பனைக்கும் கமுகுக்கும் அதுவும் இல்லை. குருத்து செத்தால் மரம் செத்தது.

தென்னையின் ஓர் ஓலை வெளியே தலைகாட்டுவதற்கு ஏறத்தாழ 30 மாதங்களுக்கு முன்னரே அதன் கரு குருத்தினுள் உருவாகிவிடுகிறது. நாம் வெளியே எண்ணும் ஓலைகள் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை ஓலைகள் பல நிலைகளில் உள்ளே மடிந்து கிடக்கின்றன. ஆதலின் ஜனவரி மாதத்துக் குளிர் செய்த கேடு ஜனவரியில் முழுவதும் தெரிவதில்லை. வெளியே ஓலை பசுமையாயிருக்க உள்ளே கரு நைந்திருக்கலாம். வெளியோலை அனைத்தும் கருகிய பின்னரும் உள்ளே உயிர் இருக்கலாம். குளிருக்குப் பின் தோட்டக்காரர் செய்யும் தவறுகளுக்கெல்லாம் இதனை மறப்பதே காரணம்.

குருத்தைக் காப்பதற்குப் பனை கையாளும் முறை தனிச்சிறப்புடையது. பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால், முளை மேலே வராமல் கீழ்நோக்கி ஒரு குழல் போல ஆழமாக இறங்கும். இளங்குருத்து அக்குழலின் நுனியில் தங்கி அங்கிருந்து மேலே வளரும். கொட்டையினுள் தவுனும் மண்ணினுள் கிழங்கும் உண்டாவது இதன் விளைவே. பனங்கிழங்கை அவித்துத் தின்னும் சிறுவர்க்கு அதைத் தோண்டி எடுக்கக் குழி எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது தெரியும். அதன் பயனை அவர் ஆராய்வதில்லை. இளமையில் பல ஆண்டுகள் குருத்து மண்ணுக்குக் கீழே கிடப்பதால் தீயும் வறட்சியும் கால்நடையும் அதனை எளிதில் அழிப்பதில்லை. ஆழ்ந்த மண்ணின் வெப்பம் இரவுக்கு இரவு மாறுவதில்லையாதலின் குளிரும் அதனைச் சேர்வதில்லை. தென்னை அவ்வளவாகச் செழிக்காத பீகார்ச் சமவெளியின் குளிர்காலத்தைப் பனை தாங்குவதற்கு இது ஒரு துணையாகும்.

குளிர் கொல்லும் முறை

குளிர் இருவகையாகக் கொல்லுகின்றது. முதலாவது உறைதல். திசுக்களின் இடைவெளியிலுள்ள நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது உயிரணுக்களின் உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். அணுக்கள் வற்றிச் சுருங்கி, அவற்றின் மென்சவ்வு கிழியும். உறைந்த ஓலையின்மேல் காலை வெயில் சுள்ளென்று பட்டால் கேடு மிகும்.

இரண்டாவது வகை மெதுவானது, சமவெளியாருக்கும் பழக்கமானது. உறையும் அளவுக்கு இறங்காத குளிரும் இடைவிடாத ஈரமும் சேர்ந்து பல நாள் நீடித்தால் குருத்தின் வளர்ச்சி நின்றுவிடும். மடலிடுக்கில் நீர் தேங்கும். அங்கே பூஞ்சை வகை நுண்ணுயிர் புகுந்து குருத்தை அழுகச் செய்யும். கோதாவரிக் கழிமுகத்தில் பனைகள் இந்நோயால் மடிந்தபோது அதனை ஆராய்ந்த இ. ஜே. பட்லர், நோய்க்குக் காரணமான உயிரை 1907-இல் விவரித்தார். பைட்டாப்தோரா பால்மிவோரா என இன்று வழங்குவது அதுவே. நெய்யாற்றின்கரைத் தோப்புகளில் அடைமழைக் காலத்தில் தென்னையின் நடுக்குருத்து வாடிச் சாய்வதும் இதே குருத்தழுகல் நோய்தான். அங்கே மழை கொணரும் தற்காலிகக் குளிர்ச்சியில் நிகழ்வது, மலைத் தோட்டத்தில் மாதக்கணக்கில் நிகழ்கின்றது.

ஆகவே, இன்ன பனை இத்தனை டிகிரி வரை தாங்கும் எனப் பட்டியலில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புதல் கூடாது. ஈரமற்ற வானிலையில் ஓர் இரவு மட்டும் மிகத் தாழ்ந்த வெப்பத்தைப் பொறுத்த மரம், அதைவிட மிதமான குளிரில் ஒரு வாரம் நனைந்து நின்றால் இறந்துவிடக்கூடும். வெப்பமானியின் எண்ணோடு ஈரத்தையும் நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மலைத் தோட்டத்திற்குரியவை

பனிக்குப் பெயர் பெற்ற பனை சீனாவைச் சேர்ந்த டிராக்கிகார்ப்பஸ் பார்ச்சூனி. தண்டு முழுவதும் நார் போர்த்த இவ்விசிறிப்பனை பத்து டிகிரிக்கும் கீழான உறைகுளிரைப் பொறுக்கும். 1849-இல் இராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து அனுப்பிய கன்றுகளால் இது இங்கிலாந்தின் தோட்டங்களில் பரவியது. இதனினும் குளிர் தாங்குவது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள ஊசிப்பனை. அதன் குருத்து தரையை ஒட்டி, முட்களும் நாரும் சூழ்ந்த கூட்டினுள் கிடப்பது முற்கூறிய கருத்துக்குச் சான்று. மத்தியதரைக் கடற்கரையின் குட்டை விசிறிப்பனை ஒன்று இத்தாலியில் பதுவா தாவரத் தோட்டத்தில் 1585-இல் நடப்பட்டு, கண்ணாடிக் கூடத்தின் காப்பில் இன்றும் உள்ளது. ஜெர்மானியப் பேரறிஞர் கேத்தே 1786-இல் அதனைக் கண்டு ஆராய்ந்தமையால் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. கொலம்பியா நாட்டில் ஆண்டிஸ் மலையில் 2,000 மீட்டருக்கு மேல் வளரும் மெழுகுப்பனை 60 மீட்டர் வரை உயரக்கூடியது. இதனைப் பாறசாலையில் நட்டால் அங்குள்ள வெப்பமான இரவுகளைத் தாங்காது நலியும். தென்னை உதகையில் படும் பாட்டின் மறுபக்கம் இது.

வெளிநாட்டு இனம் குளிரைத் தாங்குகிறது என்பது ஒன்றே அதனை நடுவதற்குப் போதிய காரணமாகாது. நீலகிரியில் ஆஸ்திரேலியச் சீகை மரம் புல்வெளிகளை விழுங்கிய வரலாறு யாவரும் அறிந்தது. சீனப் பனையும் தெற்குச் சுவிட்சர்லாந்தின் காடுகளில் பறவைகள் வழியே விதை பரவித் தானாகவே பெருகிவிட்டமையால், அந்நாடு 2024-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் நாட்டிலேயே குமாவோன் மலைகளில், பித்தோராகட்டை அடுத்து, 2,000 மீட்டருக்கு மேல் பனிப்பொழிவில் வளரும் டிராக்கிகார்ப்பஸ் டாக்கில் என்னும் இனம் உள்ளது. இத்தாலியத் தாவர அறிஞர் பெக்காரி 1905-இல் இதற்குப் பெயரிட்டார். காட்டில் அருகிவரும் இதனைத் தோட்டங்களில் பெருக்குதல் மலைவாசிகளுக்கு அழகும் நாட்டுக்கு நன்மையும் ஆகும்.

உதகமண்டலத்தின் அரசு தாவரத் தோட்டம் 1848-இல் தொடங்கப்பெற்றது. கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் அதனை உருவாக்கினார். குளிர்காலத்தில் அங்குப் பணியாளர் கையாளும் முறைகள் வீட்டுத் தோட்டத்திற்கும் ஏற்றவை. மேகமற்ற, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமாதலின் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்விடங்களில் புல் வெண்மையாகப் பூத்திருக்க, மேட்டிலுள்ள தோட்டம் தப்பிவிடுவது இதனாலேயே. மென்மையான செடிகளின்மேல் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிப் பரப்பி மூடுவது நீலகிரி வழக்கம். அது தரையின் வெப்பத்தை வானுக்குப் போகவிடாமல் தடுக்கும்; காற்றோட்டத்தையும் அடைக்காது. பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். குருத்தழுகலுக்கு வழி அமைத்துக் கொடுப்பது போன்றது அது.

பனைக்கன்றைச் சரிவின் நடுவில், நீர் தேங்காத மண்ணில், விடியல் வெயில் உடனே படாதவாறு மரமோ சுவரோ மறைக்கும் இடத்தில் நடுதல் நன்று. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் நட்டால் டிசம்பருக்குள் வேர் ஊன்றும். அக்டோபரில் நட்ட கன்று குளிர்ந்த மண்ணில் வேர்விடாமல் காலத்தைக் கழித்து, உறைபனியை வலுவின்றி எதிர்கொள்ளும். சிறு கன்றை மலிவாக வாங்கி ஆண்டுதோறும் இழப்பதைவிட, சில ஆண்டுகள் தொட்டியில் வைத்து இரவில் தாழ்வாரத்தில் காத்துப் பருத்த பின்னர் நிலத்தில் நடுதலே சிக்கனம். விதையிலிருந்து வளர்ப்பவர், பெரும்பாலான பனை விதைகள் காய்ந்தால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பதையும், குளிர் தாங்கும் இனமாயினும் முளைப்பதற்கு வெதுவெதுப்பு வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மழைக்காலம் முடியுமுன் தழைச்சத்தை நிறுத்திச் சாம்பல்சத்து இடுதல் வழக்கம். குளிர்காலத்தில் நீரை அடியில் மட்டும் ஊற்றுக. கொண்டையில் தெளித்தல் ஆகாது.

வரைக்கமுகின் நிலை

அகத்திய மலையின் வரைக்கமுகை உதகைத் தோட்டங்களுக்குப் பொருத்தமானதென்று எண்ணுதல் இயல்பு. ஆயின் அது பழகியது மேகமும் ஈரமும் சூழ்ந்த மிதமான குளிர், உறைபனி அன்று. உதகையைவிடக் குன்னூர் போன்ற தாழ்ந்த உயரமே அதற்கு ஒத்ததாகலாம். யானைகள் இதனை மிக விரும்பித் தின்னும். அவை ஏற இயலாத பாறை முகங்களிலேயே இப்பனை மிகுதியாக எஞ்சியிருத்தல் இதனாலே எனக் கருதப்படுகிறது. அழியும் அபாயம் உடையதாகப் பன்னாட்டுப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டுள்ளது. மலையின் நெய்யாற்றுப் பக்கம் 1958 முதல் வனவிலங்குப் புகலிடமாயுள்ளமையின் அங்கிருந்து கன்றோ விதையோ எடுத்தற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். பாலோட்டில் 1979-இல் அமைந்த வெப்பநாட்டுத் தாவரத் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் பனையினங்களைத் தொகுத்து வளர்த்து வருகின்றது.

மேலே குளிர்ந்த இடம் உள்ள வரையில், வெப்பம் மிகும்போது ஒரு தாவரம் தலைமுறை தலைமுறையாக மேட்டை நோக்கி நகர இயலும். வரைக்கமுகு ஏறத்தாழ 1,800 மீட்டர் வரை வளர்கிறது; மலையோ 1,868 மீட்டரில் முடிந்துவிடுகிறது. புவியின் சராசரி வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. மலைச்சரிவின் கணக்கில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்திற்குச் சமம். குளிருக்கு அஞ்சும் பனைகளைக் காப்பது தோட்டக்காரர் வேலையெனின், குளிரை நாடும் இப்பனைக்குத் தகுந்த தோட்டம் தேடுவது தாவர நிலையங்களின் வேலையாகின்றது.

இனி, உறைபனியால் தாக்குண்ட பனைக்குச் செய்யத்தக்கது. பழுத்த ஓலைகளை உடனே வெட்டுதல் கூடாது. அவை குருத்துக்குக் கூரையாய் நிற்பவை. நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். உறுதியாக நின்றால் வெதுவெதுப்பான நாட்கள் வரும்வரை அப்படியே விட்டுவிடலாம். கையோடு வந்துவிட்டால், அழுகிய பகுதியைக் கூரிய கத்தியால் நல்ல திசு தெரியும் வரை செதுக்கி அகற்றி, வெட்டுவாயில் போர்டோப் பசை தடவி, மழைநீர் புகாதவாறு மண்சட்டியைக் கவிழ்த்து மூட வேண்டும். தென்னையின் குருத்தழுகலுக்கு நம் தோப்புகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் மருத்துவம் இதுவே. பின்னர் மூன்று நான்கு மாதங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். பிழைத்த மரத்தில் முதலில் வெளிவரும் ஓலை பெரும்பாலும் நுனி கருகி, கோணலாகவும் குட்டையாகவும் இருக்கும். அது குளிர் தொட்டபோது உள்ளே மடிந்து கிடந்த ஓலை. அதனையும் வெட்டாமல் விடவேண்டும்.